சர்க்கரைப் புண்ணுக்கு மூலிகை டிரெஸ்ஸிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலில் ஆறாத புண்ணோடு இருக்கும் சர்க்கரை நோயாளிகளும், அவர்களுக்கு வீட்டில் கட்டு மாற்றுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புண்ணின் மேல் வைக்கிற பொருள் மூலிகையானாலும் தேனானாலும் வெள்ளியானாலும், சிகிச்சை வரிசையில் அதற்கு ஐந்தாவது இடம்தான். காலுக்கு ரத்தம் போகிறதா, புண்ணின் மேல் எடை விழாமல் இருக்கிறதா, செத்த சதையும் கிருமியும் நீங்கினவா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்ற நான்கும் அதற்கு முன்னால் நிற்கின்றன.

சர்க்கரை உள்ளவருக்குக் கால் புண் ஏன் ஆறுவதில்லை?

மூன்று கோளாறுகள் ஒரே காலில் கூடுகின்றன. நரம்பு கெட்டுப் பாதம் மரத்துப்போவதால், முள் குத்தினாலும் செருப்பு கடித்தாலும் தெரிவதில்லை. புண்ணின் மேலேயே நடக்கிறார்கள். ரத்தக் குழாய் அடைத்துக்கொள்வதால் ஆக்சிஜனும் மருந்தும் புண்ணுக்குப் போய்ச் சேர்வதில்லை. வெள்ளை அணுக்களின் வேலை மந்தமாவதால் கிருமிகள் பசை போன்ற படலம் கட்டிக் குடியேறுகின்றன.

இதனால் புண் வீக்க நிலையிலேயே தேங்கிவிடுகிறது. சதையைக் கரைக்கிற நொதிகள் அளவுக்கு மீறிச் சுரந்து, புதிதாக உருவாகும் கொலாஜன் என்ற புரத இழையையும் அரித்துவிடுகின்றன. மூலிகை டிரெஸ்ஸிங் ஆராய்ச்சி முழுவதும் குறிவைப்பது இந்தத் தேக்கத்தைத்தான். அடைபட்ட குழாயை எந்த இலையும் திறக்காது. உள்ளங்காலில் விழும் எடையை எந்தத் தைலமும் குறைக்காது.

அப்படியானால் முதலில் எந்தப் பரிசோதனை?

கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் ரத்த அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கிறது. 1.3-க்கு மேல் வந்தால் ரத்த ஓட்டம் பிரமாதம் என்று எண்ணிவிடக் கூடாது. சர்க்கரை நோயில் குழாய்ச் சுவரில் கால்சியம் படிந்து விறைப்பதால் வரும் பொய்க் கணக்கு அது. அப்போது கால் பெருவிரலின் அழுத்தத்தை அளக்க வேண்டும். அது 30 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழே இருந்தால் ரத்தக் குழாய் நிபுணரைத் தாமதிக்காமல் பார்க்க வேண்டும். உணர்ச்சியைச் சோதிக்க, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை போதும். ஆழமான புண்ணில் கம்பியை மெல்ல விட்டு எலும்பு தட்டுகிறதா என்று பார்ப்பார்கள். தட்டினால் எலும்பு வரை கிருமி இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம், எக்ஸ்ரே தேவை.

பழைய நூல்கள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன?

குஷ்டம், விஷம், க்ஷயம், மதுமேகம் உள்ளவர்களின் புண் ஆறுவது கடினம் என்று சுஸ்ருத சம்ஹிதையின் சூத்திர ஸ்தானமே சொல்லிவிடுகிறது. புண்ணுக்கு அது அறுபது சிகிச்சை முறைகளை வரிசைப்படுத்துகிறது. பட்டினி, வெட்டி எடுத்தல், சீழ் வடித்தல், கஷாயத்தால் கழுவுதல், திரி வைத்தல், அரைத்த விழுது, நெய், தைலம், பொடி தூவுதல், புகை போடுதல், கட்டுக் கட்டுதல் என்று நீளும் பட்டியல் அது. தைலம் பூசுவது அந்த அறுபதில் ஒன்று. கத்தியையும் கட்டையும் விட்டுவிட்டுத் தைலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதை ஆயுர்வேதம் என்று சொல்வது அந்த நூலுக்கே செய்கிற அநியாயம்.

மூலிகை டிரெஸ்ஸிங் என்றால் இலையை அரைத்துக் கட்டுவதா?

இல்லை. செடியிலிருந்து வேலை செய்கிற சத்தைப் பிரித்து, அளவை நிர்ணயித்து, ஈரத்தைக் கையாளத் தெரிந்த ஒரு தாங்குபொருளில் ஏற்றி, கிருமி நீக்கி, உறையில் அடைத்ததுதான் டிரெஸ்ஸிங். தாங்குபொருளாக மாட்டுத் தோலிலிருந்து எடுக்கும் கொலாஜன், கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட், இறால் நண்டு ஓட்டிலிருந்து வரும் கைட்டோசான், தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஹைட்ரோஜெல் ஆகியவை பயன்படுகின்றன. நீர் அதிகம் வடியும் புண்ணுக்கு உறிஞ்சுகிற ஆல்ஜினேட் வேண்டும். காய்ந்த புண்ணுக்கு ஈரம் தருகிற ஜெல் வேண்டும். இந்தத் தேர்வு தவறினால் உள்ளே எவ்வளவு உயர்ந்த மூலிகை இருந்தும் பலனில்லை.

எந்த மூலிகைகளில் ஆராய்ச்சி நடக்கிறது? அவை என்ன செய்கின்றன?

மஞ்சள். வீக்கத்தையும் ஆக்சிஜன் சார்ந்த சேதத்தையும் குர்குமின் தணிக்கிறது. ஆனால் அது தண்ணீரில் கரையாது; வெளிச்சத்திலும் காரத்தன்மையிலும் சிதைந்துபோகும். ஆறாத புண்ணின் பி.எச். (அமில-கார அளவு) பெரும்பாலும் 7-க்கு மேல் காரப் பக்கமாக இருப்பதால், தூவிய மஞ்சளில் வேலை செய்கிற பங்கு மிகக் குறைவு. அதனால்தான் குர்குமினை நுண்துகள்களிலோ கொலாஜன் படலத்திலோ பொதிந்து மெதுவாக வெளிவரச் செய்கிறார்கள். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2004-லேயே குர்குமின் ஏற்றிய கொலாஜன் படலத்தை எலிகளில் சோதித்தது. புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றதும், இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். ஆட்சேபித்து 1997-ல் அதை ரத்து செய்யவைத்ததும் பலருக்கு நினைவிருக்கும். அந்த வழக்கு நிலைநாட்டியது மஞ்சளின் பயன்பாடு பழையது என்பதை. சர்க்கரைப் புண்ணை அது ஆற்றுமா என்ற கேள்வி அங்கே விசாரிக்கப்படவே இல்லை.

திரிபலா. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றிலும் துவர்ப்புச் சத்தான டானின் நிறைய உண்டு. டானின் கொலாஜன் இழைகளைப் பின்னி இறுக்குகிறது, சதை கரைக்கும் நொதிகளை அடக்குகிறது, சில கிருமிகளையும் தடுக்கிறது. திரிபலா ஏற்றிய கொலாஜன் பஞ்சை அதே அடையாறு நிறுவனத்தார் கிருமி தொற்றிய எலிப் புண்களில் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். ஆல், அத்தி, அரசு, இத்தி, பூவரசு ஆகிய ஐந்தின் பட்டையான பஞ்சவல்கலமும் இதே துவர்ப்பு வழியில்தான் வேலை செய்கிறது.

வல்லாரை. இதிலுள்ள ஏசியாட்டிகோசைடு, மடேகாசோசைடு ஆகியவை கொலாஜன் உற்பத்தியைத் தூண்டுகின்றன. சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும்.

கற்றாழை. நடுவிலுள்ள நிறமற்ற ஜெல் மட்டுமே பயன்படும். தோலுக்கு அடியில் கசியும் மஞ்சள் பால் எரிச்சலூட்டும்.

நொச்சி. குவஹாத்தியில் உள்ள உயர் அறிவியல் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தார் வாழைநார், கைட்டோசான், கொத்தவரைப் பிசின் சேர்த்த டிரெஸ்ஸிங்கில் நொச்சி இலைச் சாற்றை ஏற்றியிருக்கிறார்கள். இன்னும் ஆய்வக நிலைதான்.

மனிதர்களிடம் நிரூபணமான ஏதாவது உண்டா?

வலுவான சான்று ஒன்று உண்டு. அது வந்தது தைவானிலிருந்து. ஆனால் அதிலுள்ள இரண்டு செடிகளும் நம் வீட்டு முற்றத்தில் இருப்பவை: கற்பூரவள்ளியும் வல்லாரையும். இரண்டின் பிரித்தெடுத்த சத்துகளைச் சேர்த்த ஓ.என்.101 என்ற களிம்பை, 1 முதல் 25 சதுர செ.மீ. வரை பரப்புள்ள பாதப் புண்களில் 236 பேரிடம் சோதித்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். 16 வாரத்தில் களிம்பு பூசியவர்களில் 60.7 சதவீதம் பேருக்கும், ஹைட்ரோஃபைபர் என்ற நீர் உறிஞ்சும் டிரெஸ்ஸிங் போட்டவர்களில் 35.1 சதவீதம் பேருக்கும் புண் முழுமையாக மூடியது.

இதைப் படித்துவிட்டுத் தொட்டியில் இருக்கிற கற்பூரவள்ளியைக் கசக்கி வைக்காதீர்கள். சோதிக்கப்பட்டது குறிப்பிட்ட பகுதியை மட்டும் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே அளவு இருக்கும்படி செய்த மருந்து. பச்சை இலைக்கு அந்தச் சான்று பொருந்தாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சர்க்கரைக் காலுக்கான சர்வதேசப் பணிக்குழு 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், புண்ணை ஆற்றுவதற்கென்றே தேனையோ மூலிகை ஏற்றிய டிரெஸ்ஸிங்கையோ பயன்படுத்த வேண்டாம் என்கிறது. இதுவரை வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறியவை, யாருக்கு எது போட்டோம் என்று மறைக்காமல் செய்தவை என்பதே காரணம். மூலிகையால் பலனே இல்லை என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. நம்பி முதலில் கையில் எடுக்கும் அளவுக்குச் சான்று சேரவில்லை. எனவே வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து, மருத்துவருக்குத் தெரிந்து பயன்படுத்துவதுதான் நியாயம்.

எலிக்கு ஆறுகிற புண் மனிதருக்கு ஏன் ஆறுவதில்லை?

எலித் தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய தசைப் படலம் உண்டு. புண்ணைச் சுருக்கி இழுத்து அதுவே மூடிவிடும். மனிதப் பாதத்தில் அது இல்லை. ஆய்வு எலிக்கு ஊசி போட்டுச் சில வாரம் முன்புதான் சர்க்கரை வரவழைக்கிறார்கள். புண்ணை முதுகில் வெட்டுகிறார்கள். பத்து இருபது வருட நரம்புக் கேடும், அடைபட்ட குழாயும், உள்ளங்கால் எடையும் அந்தச் சோதனையில் கிடையாது. ‘பதினான்கு நாளில் முழுதும் ஆறியது’ என்ற செய்தியைப் பார்த்தால், யாருக்கு ஆறியது என்று முதலில் பாருங்கள்.

தேன் வைக்கலாமா? சர்க்கரை ஏறாதா?

புண்ணில் வைக்கும் அளவுத் தேனால் ரத்தச் சர்க்கரை குறிப்பிடும்படி ஏறுவதில்லை. கவலைப்பட வேண்டியது தேனின் தரத்தைப் பற்றி. சமையலறைத் தேனில் கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம், சர்க்கரைப் பாகு கலந்திருக்கலாம். புண்ணுக்கென்று விற்கும் மருத்துவத் தேனைக் காமா கதிரில் கிருமி நீக்குகிறார்கள். கொதிக்கவைத்தால் தேனிலுள்ள நொதி கெட்டுவிடும்; கிருமியைக் கொல்லும் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குவதே அந்த நொதிதான்.

பயன்படுத்துவதானால் 10 செ.மீ. சதுர டிரெஸ்ஸிங்குக்குச் சுமார் 20 மில்லி தேன். தேனைப் புண்ணில் ஊற்றாமல் டிரெஸ்ஸிங்கில் ஊறவைத்துப் போட வேண்டும், ஊற்றினால் வழிந்தோடிவிடும். முதல் நாட்களில் நீர் அதிகம் வடியும், ஆகவே தினமும் மாற்ற வேண்டும். சுற்றியுள்ள தோல் ஊறி வெளுத்தால் உறிஞ்சும் பஞ்சு போதவில்லை என்று பொருள். தேனீ கொட்டினால் ஒவ்வாமை வருகிறவர்களுக்கும், அடி தெரியாத குழிப் புண்ணுக்கும் தேன் கூடாது.

மத்தன் தைலம், ஜாத்யாதி தைலம்?

மத்தன் தைலம் சித்த மருந்து. ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், துருசு சேர்த்துக் காய்ச்சுவது; பச்சை நிறம் துருசிலுள்ள செம்பால் வருகிறது. ஜாத்யாதி ஆயுர்வேதம். பிச்சி இலை, வேம்பு, பேய்ப்புடல், புங்கு, மஞ்சள், மரமஞ்சள், மஞ்சிட்டி, அதிமதுரம், தேன்மெழுகு ஆகியவற்றோடு மயில்துத்தமும் சேரும். துருசு, மயில்துத்தம் இரண்டும் காப்பர் சல்பேட்தான்.

செம்பு கிருமியைக் கொல்லும். அளவு மீறினால் புதிதாக வளரும் செல்லையும் கொல்லும். ஊமத்தையின் நச்சுச் சத்துகள் திறந்த சதை வழியாக உடலுக்குள் போகக்கூடும். பெரிய புண்ணில் தாராளமாகப் பூசிய பிறகு வாய் வறட்சி, படபடப்பு, பார்வை மங்கல், குழப்பம் தெரிந்தால் உடனே கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனம் தயாரித்ததை மட்டும், பட்டம் பெற்ற சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவர் புண்ணை நேரில் பார்த்துச் சொன்ன பிறகு, காஸ் துணியில் மெல்லிதாகத் தடவிப் போடுங்கள். துருசை வாங்கி வீட்டில் காய்ச்ச வேண்டாம். அளவு தவறுவது அங்கேதான்.

ஆவாரை இலையை வதக்கிக் கட்டச் சொல்லி வாட்ஸ்அப்பில் வந்தது. செய்யலாமா?

வேண்டாம். வதக்கிய விழுதில் மண் கிருமியின் வித்துகள் சாவதில்லை. காய்ந்தால் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது புதுச் சதையையும் பிய்த்துக்கொண்டு வரும். இலைத் துணுக்குகள் குழிக்குள் தங்கிச் சீழ் கட்டும். பச்சை நிறத்தில் புண்ணின் உண்மை நிறமே மறைந்துவிடும். சூடாகக் கட்டினால் மரத்த காலுக்குச் சுட்டது தெரியாது. மறுநாள் கொப்புளம்தான் சொல்லும்.

மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசுவது இதைவிட மோசம். சுண்ணாம்பின் பி.எச். 12-ஐ ஒட்டியது, சதையை அரித்துவிடும். காபித்தூள், புகையிலை, சாம்பல் எதுவும் புண்ணில் படக் கூடாது.

கஷாயத்தால் கழுவலாமா?

மருத்துவர் ஒப்புக்கொண்டால், மேலோட்டமான, நாற்றமடிக்கும் புண்ணுக்குக் கழுவலாம். 20 கிராம் கரகரப்பான திரிபலாவை அல்லது பஞ்சவல்கலப் பட்டைப் பொடியை 320 மில்லி தண்ணீரில் போட்டு, 80 மில்லியாகச் சுண்டும்வரை கொதிக்கவைத்து, நான்காக மடித்த சுத்தமான துணியில் இரண்டு முறை வடிகட்ட வேண்டும். நன்றாக ஆறிய பிறகு, மரத்துப்போகாத ஒருவர் முழங்கையில் ஊற்றிச் சூடு பார்க்கட்டும். மீந்ததைக் கொட்டிவிடுங்கள், அடுத்த நாளுக்குள் அதில் கிருமி வளர்ந்துவிடும். கழுவிய பின் சலைனால் (கிருமி நீக்கிய உப்புநீர்) ஒருமுறை அலசினால் கசடு தங்காது.

காலைக் கஷாயத் தொட்டியில் ஊறவைக்கக் கூடாது. ஊறிய தோல் வெடிக்கும், விரலிடுக்கில் பூஞ்சை வரும்.

வீட்டில் கட்டு மாற்றும் சரியான முறை என்ன?

சோப்பால் கையைக் கழுவிக் கையுறை போடுங்கள். பழைய கட்டு ஒட்டியிருந்தால் சலைன் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். எடுத்த பஞ்சைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். பச்சை நிறமும் கெட்ட நாற்றமும் கிருமியின் அறிகுறி. 100 மில்லி சலைன் பாட்டிலின் மூடியில் சுத்தமான ஊசியால் துளை போட்டுப் பீய்ச்சிக் கழுவுங்கள். சலைன் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு; அதை அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். புண்ணைத் தேய்க்காதீர்கள், சுற்றுத் தோலை மட்டும் ஒற்றி உலர்த்தி, அதன் மேல் துத்தநாகக் களிம்போ வாஸ்லினோ தடவுங்கள்.

டிரெஸ்ஸிங் புண் ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை மூட வேண்டும். குழியில் திணித்து அடைக்கக் கூடாது. தளர்வாக நிரப்பினால் போதும். மேலே காஸ், அதற்கு மேல் ரோலர் கட்டு. விரல் நுனி வெளியே தெரியட்டும். அது நீலம் பாய்ந்தாலோ சில்லிட்டாலோ கட்டு இறுக்கம்.

இத்தனையும் செய்துவிட்டு அந்தக் காலிலேயே ஊன்றி நடந்தால் எல்லாம் வீண். பாதத்தடிப் புண்ணுக்கு முழங்காலுக்குக் கீழே போடும், கழற்ற முடியாத மாவுக்கட்டு வகைதான் முதல் தேர்வு. கிருமியோ கடுமையான அடைப்போ இருந்தால் அது மாறும். மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எதோடு எதைச் சேர்க்கக் கூடாது?

கிருமிநாசினியான போவிடோன் அயோடினோடு மஞ்சள், திரிபலா போன்றவற்றைச் சேர்த்தால் அயோடின் செயலிழக்கும். தைலம் பூசிய தோலில் ஹைட்ரோகொலாய்டு என்ற ஒட்டும் டிரெஸ்ஸிங் ஒட்டாது. எண்ணெய் புகுந்த ஃபோம் (நுரைப்பஞ்சு) டிரெஸ்ஸிங் நீரை உறிஞ்சாது. செத்த சதையைக் கரைக்கும் கொலாஜினேஸ் களிம்பு போடும்போது செம்பு கலந்த தைலமோ வெள்ளி டிரெஸ்ஸிங்கோ கூடாது. உலோகம் அந்த நொதியைக் கெடுத்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு மருந்துதான். மூன்றைச் சேர்த்துப் போட்டால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாரம் ஒருமுறை நீளத்தையும் அகலத்தையும் அளந்து பெருக்கி எழுதிவையுங்கள். பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். 4 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் என்றால் 12. நான்கு வாரத்தில் அது 6-க்காவது இறங்க வேண்டும். பாதி குறையாத புண் பன்னிரண்டு வாரத்தில் மூடுவது அரிது. அப்போது டிரெஸ்ஸிங்கை மாற்றிப் பார்ப்பதைவிட, ரத்த ஓட்டம், எடை, எலும்பு மூன்றையும் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.

எந்த அறிகுறி வந்தால் கட்டை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

புண் ஓரத்திலிருந்து சிவப்பு 2 செ.மீ. அளவுக்குப் பரவினால்; காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தால்; விரல் கறுத்தால்; தோலை அழுத்தும்போது நறநறவென்றால்; எலும்போ தசைநாரோ தெரிந்தால்; காரணமில்லாமல் சர்க்கரை எகிறினால். வலி இல்லை என்பதை நம்பிக் காத்திருக்காதீர்கள், நரம்பு செத்த கால் வலிக்காது. விடியட்டும் என்று தள்ளிப்போட்ட ஒரு இரவில் விரலோடு போகவேண்டியது காலோடு போகும்.

கடையில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

உரிம எண், தொகுதி எண், காலாவதி தேதி, முழுமையான சேர்மானப் பட்டியல், கிருமி நீக்கிய முறை. டிரெஸ்ஸிங் உறை பிரிந்திருந்தால் வேண்டாம். ‘சர்க்கரை நோயை வேரோடு அகற்றும்’, ‘கால் அழுகலைக் குணமாக்கும்’ என்று விளம்பரம் செய்தால் அதையே காரணமாக வைத்து ஒதுக்குங்கள். 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவும் சதை அழுகலும் இருக்கின்றன. அப்படி விளம்பரம் செய்வதே குற்றம்.

உள்ளுக்குச் சாப்பிடும் மூலிகை?

சர்க்கரையைக் குறைக்கும் மூலிகையை இன்சுலினோடு சேர்த்தால் தாழ்சர்க்கரை வரலாம். பாதரசம், ஈயம் கலந்த மருந்துகள், ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்கு ஆகாது. எதைச் சாப்பிடுகிறீர்கள் என்று இரண்டு பக்க மருத்துவர்களிடமும் சொல்லுங்கள்.

புண் மூடிவிட்டது. கட்டை எப்போது நிறுத்தலாம்?

தோல் மூடி, இரண்டு வாரம் நீர் கசியாமல் இருந்த பிறகு நிறுத்தலாம். புதுத் தோல் மெல்லியது; மூடியவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் மறுபடி புண் வருகிறது. எம்.சி.ஆர். என்ற மென்மையான நுண்துளை ரப்பர் செருப்பை வீட்டுக்குள்ளும் போடுங்கள். போடும் முன் கையை உள்ளே விட்டுக் கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், காய்ப்பு தடித்தால் பிளேடால் சீவாமல் கால் சிகிச்சை மையத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் தடவலாம், ஆனால் விரலிடுக்கில் வேண்டாம்.